பழவேற்காடும் தமிழ் வேதாகமமும்

திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரப் பகுதிக்குச் செல்வோர் இன்று முதலிற் காண்பவை புகைபோக்கிகளே. மீஞ்சூரை அடுத்த வள்ளூரில் 1500 மெகாவாட் ஆற்றலுள்ள அனல் மின் நிலையம் ஒன்று நிற்கிறது. வடக்கே கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் அணிவகுத்துள்ளன. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் பெருங் கப்பல்கள் வந்து தங்குகின்றன. இவற்றையெல்லாம் கடந்து, பொன்னேரியிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சென்றால், ஏரிக்கும் கடலுக்கும் இடையே ஒதுங்கிக் கிடக்கும் ஓர் ஊரை அடையலாம். அதுவே பழவேற்காடு. மீனவர் குடியிருப்பும், இடிந்த கோட்டையின் அகழியும், பழைய கல்லறைத் தோட்டமுமே அங்கே பார்வையாளர் கண்ணுக்குத் தென்படும். ஆயினும் தமிழ் மொழியில் வேதாகமம் உருவான வரலாற்றில் இவ்வூருக்கும் ஓர் இடம் உண்டு. அதைப் பற்றியே இன்று நான் பேச விரும்புகிறேன்.

மாணவர்களாகிய நீங்கள் சமய மாற்றம் பற்றி வரலாற்று நூல்களிற் படிக்கும்போது, பெரும்பாலும் பாதிரிமார் வந்த ஆண்டுகளையும், கோயில்கள் கட்டப்பட்ட ஆண்டுகளையும், சபையிற் சேர்ந்தோர் தொகையையுமே காண்பீர்கள். இவை வேண்டியவையே. ஆனால் ஒரு மனிதன் தன் முன்னோர் நெறியை விட்டு வேறொரு நெறியைத் தேர்ந்து கொள்ளும்போது அவன் உள்ளத்தில் நிகழ்வது என்ன என்பதை இவை சொல்வதில்லை. தேர்ந்து கொள்ளுதல் ஒரு நாளில் முடிந்து விடலாம். ஞானஸ்நானப் பதிவேட்டில் அதற்கு ஒரு தேதி உண்டு. தேர்ந்த நெறியில் ஒருவன் வளர்வதற்கோ அத்தகைய தேதி எதுவும் இல்லை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் பலரிடத்தில் அவ்வளர்ச்சி ஒரு நூலைத் திரும்பத் திரும்பப் படிப்பதனாலேயே நிகழ்ந்தது. அந்த நூல் தமிழில் இருந்தாலன்றி அது நிகழ்ந்திருக்க இயலாது.

அந்நூலின் தமிழ் வரலாறு தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழைத் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியிலேயே அச்சாயிற்று. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் சரித்திரம் வரையில் வந்திருந்தபோது, 1719இல் அவர் காலமானார். எஞ்சிய பகுதியைச் சூல்ச் என்பார் 1728இல் முடித்தார். இவ்வாறு முழு வேதாகமமும் தமிழில் வந்து விட்டது. வந்து விட்டதேயன்றி, அது படிக்க இன்பமாயிருந்தது என்று சொல்வதற்கில்லை. பேச்சுத் தமிழும் அயல்நாட்டார் வாக்கியப் போக்கும் அதில் கலந்து கிடந்தன. முதல் முயற்சிக்கு உரிய பெருமையெல்லாம் அதற்கு உண்டு. முதல் முயற்சிக்கு உரிய குறைகளும் உண்டு.

அக்குறைகளைக் களைவதையே தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டவர் யோவான் பிலிப்பு பப்ரீஷியஸ். 1711ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டில் பிறந்த இவர், 1740இல் தமிழ்நாட்டிற்கு வந்தார். 1742இன் இறுதியில் சென்னைச் சபையின் பொறுப்பு சூல்சிடமிருந்து இவர் கைக்கு வந்தது. அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இந்நாட்டிலேயே வாழ்ந்து இந்நாட்டிலேயே இறந்தார். தாய்நாட்டைத் திரும்பப் பார்க்கவே இல்லை. திருமணமும் செய்து கொள்ளவில்லை.

இவர் வேலையைத் தொடங்கிய காலமோ போர்க்காலம். 1746ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் லபூர்தொனே என்னும் பிரெஞ்சுத் தளபதி சென்னையைக் கைப்பற்றினார். பப்ரீஷியஸ் நகரை விட்டு வெளியேறி, வடக்கே டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். 1749இல் சென்னை ஆங்கிலேயருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பின்னர் 1758ஆம் ஆண்டு டிசம்பரில் லாலியின் படை சென்னையை முற்றுகையிட்டது. புறநகராகிய வேப்பேரி கொள்ளையிடப்பட்டது. அப்பொழுதும் பப்ரீஷியஸுக்குப் புகலிடமாயிருந்தது பழவேற்காடே. இரண்டு போர்களில் இருமுறை கதவு திறந்த ஊர் அது.

அந்நாளைய பழவேற்காட்டை நாம் ஒரு புண்ணியத் தலமாகக் கற்பனை செய்து கொள்ள வேண்டுவதில்லை. டச்சுக் கம்பெனியார் 1613இல் அங்கே கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாறும் வரையில் சோழமண்டலக் கரைக்கு அதுவே அவர்களுடைய தலைமையிடம். நெசவுத் துணிகளை வாங்கிக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினர், வெடிமருந்து செய்தனர். பஞ்ச காலங்களில் ஏழை மக்களை அடிமைகளாக விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியும் அனுப்பினர். ஞாயிறுதோறும் வேதம் வாசித்தவர்களே இதனையும் செய்தனர் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. கையில் வேதம் இருப்பது வேறு, வேதத்தில் வளர்வது வேறு. அங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டு உருவங்களைக் கல்லிற் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றை நான் நின்று பார்த்திருக்கிறேன். செல்வத்தைத் தேடி நெடுந்தூரம் வந்தவர்கள் தம் கல்லறை வாசலில் இவ்வுருவங்களை நிறுத்தியது ஏன் என்று எண்ணாமல் அவ்வாயிலைக் கடப்பது அரிது.

இத்தகைய ஊரில், நாடிழந்து வந்த ஒரு பாதிரியார் தங்கியிருந்தார். போரினால் அவர் சபை சிதறியது, இருப்பிடம் பாழாயிற்று. ஆனால் அவர் மேற்கொண்ட திருத்தப் பணி அழிந்து போகவில்லை. அப்பணியின் முறை நாம் கவனிக்கத் தக்கது. எபிரெயு, கிரேக்க மூலங்களோடு ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒப்பிட்டார். தமிழறிந்த ஆசிரியரைத் துணைக்கொண்டார். எழுதியதைக் கற்றோர்க்கும் கல்லாதார்க்கும் படித்துக் காட்டி, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துத் திருத்தினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஒரு வாக்கியத்தை இவ்வாறு பலமுறை சொல்லிக் கேட்டுத் திருத்தும் மனிதன், அதன் பொருளில் மூழ்காமலிருக்க முடியாது. மொழிபெயர்ப்பே அவருக்குத் தியானமாக அமைந்தது என்பது என் கருத்து.

போரினால் அவருக்கு விளைந்த நன்மையும் ஒன்று உண்டு. 1761ஆம் ஆண்டு ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது, பிரெஞ்சு ஆளுநர் மாளிகையில் ஓர் அச்சு இயந்திரம் அகப்பட்டது. சர் அயர் கூட் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அதை இயக்கத் தெரிந்தவர் வேப்பேரியில்தான் இருந்தார். கம்பெனியாருக்கு வேண்டும்போது அச்சிட்டுத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அவ்வியந்திரம் பப்ரீஷியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. வேப்பேரி அச்சகம் இவ்வாறு தோன்றியது. அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் அங்கே வெளிவந்தது. 1779இல் ஏறத்தாழ 9000 சொற்கள் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதியையும் அவர் வெளியிட்டார். பழைய ஏற்பாட்டின் பணியோ பகுதி பகுதியாகப் பல ஆண்டுகள் நீண்டது.

அவருடைய முதுமை துயரமானது. சபையின் பொருட்டும் பிறர் பொருட்டும் தம்மிடம் வந்த பணத்தை நம்பிக் கடனாகக் கொடுத்தார். கொடுத்தது திரும்பவில்லை. வேதத்தின் சொற்களை எடைபோடத் தெரிந்தவருக்கு மனிதரின் வாக்குறுதியை எடைபோடத் தெரியவில்லை போலும். கடன்காரர்கள் வழக்காடி அவரைச் சிறைக்கும் அனுப்பினர். 1791ஆம் ஆண்டு ஜனவரியில், எண்பதாம் வயதில், வறியவராகவே அவர் மறைந்தார். அவர் பெயரைச் சொல்லும்போது இந்தப் பகுதியை விட்டுவிடுவோர் உண்டு. நான் விடவில்லை. வேதத்தோடு ஐம்பது ஆண்டுகள் பழகியும் ஒருவர் உலக விவகாரத்தில் வழுக்கி விழக்கூடும். ஆயினும் அவர் விட்டுச் சென்ற நூல் பிறரைத் தாங்கியது.

அந்நூல் எவ்வாறு தாங்கியது என்பதற்குத் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் நல்ல எடுத்துக்காட்டு. 1774இல் திருநெல்வேலிச் சீமையிற் பிறந்து, பன்னிரண்டாம் வயதில் சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்ட இவர், சரபோஜி மன்னரோடு பழகிய புலவர். குறவஞ்சி, கும்மி, ஏசல் முதலிய தமிழ்ப் பாட்டு வகைகளிலெல்லாம் வேதாகமப் பொருளை வைத்துப் பாடினார். பப்ரீஷியஸின் மொழியே இவருடைய உணவாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரேனியுஸ் என்னும் அறிஞர் அப்பழைய பாடத்தை மாற்றிப் புதிய மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தபோது, சாஸ்திரியாரும் தஞ்சைச் சபையாரும் வெகுண்டெழுந்தனர். மொழியறிவில் ரேனியுஸ் குறைந்தவர் அல்லர். தெளிவான, எளிதான நடையையே அவர் விரும்பினார். ஆனால் தாய் மடியிலிருந்து கேட்டு வளர்ந்த சொற்களை ஒருவர் திருத்த வரும்போது, அது இலக்கணத் திருத்தமாகத் தோன்றுவதில்லை; உயிரில் கைவைப்பதாகவே தோன்றும்.

அப்போராட்டத்தின் நடுவில் நின்ற சொற்களுள் ஒன்று கடவுளைக் குறிப்பது. சீகன்பால்கு, கத்தோலிக்கர் வழக்கிலிருந்த ‘சர்வேசுரன்’ என்ற சொல்லை எடுத்துக் கொண்டார். பப்ரீஷியஸ் ‘பராபரன்’ என்றார். தாயுமானவர் பராபரக்கண்ணி பாடியதும் ஏறத்தாழ அந்நூற்றாண்டிலேயே என்பதை நினைத்தால், அச்சொல் தமிழர் செவியில் எவ்வளவு ஆழமாக ஒலித்திருக்கும் என்று உணரலாம். பின்வந்தோர் ‘தேவன்’ என்றனர். தேவர் என்றால் விண்ணுலகத்தார் பலரையும் குறிக்குமே, ஒருவனாகிய கடவுளுக்கு அது பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. இறுதியில் பவர் ஐயர் தலைமையில் அமைந்த குழுவின் திருத்தம் 1871இல் வெளிவந்து, ‘தேவன்’ என்ற சொல்லையே நிலைநாட்டியது. அதன் நடைக்குப் பெரும்பாலும் அடித்தளமாயிருந்தது பப்ரீஷியஸின் பாடமே. தமிழ்ப் புரொட்டஸ்டாண்டு வீடுகளில் இன்றும் பெரிதும் படிக்கப்படுவது அத்திருத்தமே. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்போ ‘கடவுள்’ என்கிறது. சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என ஒரே பொருளுக்கு நான்கு சொற்கள்! இவை வெறும் அகராதி மாற்றங்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு தலைமுறையின் வழிபாடு இருக்கிறது.

சாஸ்திரியாரைப் பற்றி மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். தஞ்சைச் சபையில் சாதி வேறுபாட்டோடு அமர்ந்து வழிபடும் வழக்கம் இருந்தது. புதிதாக வந்த பாதிரிமார் அதை நீக்க முற்பட்டபோது, சாஸ்திரியார் பழைய வழக்கத்தின் பக்கமே நின்றார். பல்லாயிரம் வரிகளில் வேதத்தைப் பாடியவருக்கு இது ஏன் தோன்றவில்லை என்று இன்று படிக்கும் மாணவர் கேட்பது நியாயமே. அவர் புலமையைப் போற்றுவதற்காக இக்கேள்வியை அடக்க வேண்டியதில்லை. ஒருவர் ஒரு நூலில் எத்துணை ஆழ்ந்தாலும், அதன் ஒளி அவர் வீட்டின் எல்லா அறைகளிலும் ஒரே காலத்திற் புகுவதில்லை.

இனி, நெறியைத் தேர்ந்து கொள்ளுதல் என்பதன் இரண்டு பக்கங்களையும் ஒருசேரக் காட்டும் ஒரு செய்திக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் என்னும் வெஸ்லியன் பாதிரியார் வேதாகமத்தைச் செந்தமிழில் மொழிபெயர்க்க விரும்பினார். அதற்குத் துணையாக அமர்ந்தவர் அவரிடம் பயின்ற இளைஞர் ஆறுமுக நாவலர். நாவலர் வேதாகமத்தை வரிவரியாக ஆராய்ந்தார். அம்மொழிபெயர்ப்பைத் தமிழறிஞர் பார்வைக்கு வைக்கப் பெர்சிவலுடன் சென்னைக்கும் வந்தார். பெர்சிவலின் வேதாகமம் 1850இல் வெளியாயிற்று. நாவலரோ சைவராகவே நின்றார். நின்றது மட்டுமன்று, தாம் கற்ற வேத அறிவைக் கொண்டே கிறிஸ்தவப் பிரசாரத்தை எதிர்த்தார், சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வைத்தார், அச்சகம் நிறுவினார். ஒரு நூலை நன்கு படித்து, அதை ஏற்பதில்லை என்று முடிவு செய்வதும் ஒரு தேர்வே. அம்மொழிபெயர்ப்பைச் சபையாரும் ஏற்கவில்லை. நடை உயர்ந்திருந்தும், பழகிய பப்ரீஷியஸையே அவர்கள் நாடினர்.

அதே பெர்சிவல் பின்னர்ச் சென்னைக்கு வந்து, ‘தினவர்த்தமானி’ என்னும் பத்திரிகையை 1855 முதல் நடத்தினார. 1858ஆம் ஆண்டு அவரிடம் உதவியாசிரியராக வந்து சேர்ந்தவர் கிருஷ்ண பிள்ளை. 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்திற் பிறந்தவர்; கம்பராமாயணம் நாள்தோறும் ஒலித்த வீட்டில் வளர்ந்தவர். 1853இல் சாயர்புரத்துக் கிறிஸ்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியராக அமர்ந்தார். நெற்றியில் திருமண்ணோடுதான் அங்கே பாடம் நடத்தினார். வயிற்றுப் பிழைப்புக்காக மதம் மாறுவோர் என்று கிறிஸ்தவர்களைப் பலரும் இகழ்ந்த காலம் அது. ஆனால் பிழைப்பு அவருக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தது; சமயத்தை மாற்றிக் கொள்ளும்படி வேலை அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. நண்பர்களோடு உரையாடினார், வேதாகமத்தைப் படித்தார், பனியன் எழுதிய மோட்சப் பயணத்தின் கதையைப் படித்தார். உள்ளத்தில் நடந்த போராட்டம் சில ஆண்டுகள் நீடித்தது. அதைப் பிற்காலத்தில் தாமே எழுதி வைத்திருக்கிறார்.

அக்காலத்தில் இம்முடிவு எத்துணைக் கடினமானது என்பதை இன்றுள்ள மாணவர் எளிதில் அறிய முடியாது. 1850இல் ஒரு சட்டம் வரும் வரையில், சமயம் மாறியவன் பரம்பரைச் சொத்துரிமையை இழக்கும் நிலை இருந்தது. சட்டம் சொத்தைக் காத்தது. உறவைக் காக்க எந்தச் சட்டத்தாலும் இயலவில்லை. ஒரே பந்தியில் உண்டவர்கள் இலையைத் தனியே போடுவார்கள். வீட்டிலுள்ள பெண்கள் ஊராரின் சொல்லைக் கேட்டு அழுவார்கள். தன்னுடைய மனச்சாட்சிக்காகப் பிறருடைய கண்ணீரை விலையாகக் கொடுக்கலாமா என்ற கேள்வி அவர்களை வாட்டியிருக்கும். இக்கேள்விக்கு எளிய விடை கிடையாது. கிருஷ்ண பிள்ளைக்கும் அது எளிதாயிருந்திருக்க முடியாது.

1858ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், மயிலாப்பூரில், முப்பத்தோராம் வயதை எட்டும் தறுவாயில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரெட் என்ற பெயரும் சூட்டப்பட்டது. பெயர் மாறியது, கம்பன் மாறவில்லை. நாவில் ஊறிய விருத்தங்களையும், பாசுரங்களின் உருக்கத்தையும் அவர் வாசலில் விட்டுவிட்டு உள்ளே செல்லவில்லை. ஒரு வேளை விட்டிருந்தால் நல்ல கிறிஸ்தவராக இருந்திருப்பார்; நமக்கு ஒரு காப்பியம் கிடைத்திராது. பனியனின் கதையை எடுத்துக் கொண்டு, ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற பெயரில் அதைத் தமிழ்ப் பெருங்காப்பியமாக்கத் தொடங்கினார். ‘நற்போதகம்’ என்னும் பத்திரிகையில் அது பல ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது.

அதில் ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். பனியனின் நூலில் இயேசுவின் பாடுகள் விரிவாகச் சொல்லப்படவில்லை. பயணியின் தோளிலிருந்து பாவச் சுமை சிலுவையருகே விழுவதோடு ஆசிரியர் மேலே செல்கிறார். கிருஷ்ண பிள்ளை அங்கே நின்று விடுகிறார். நான்கு சுவிசேஷங்களிலிருந்தும் நேரே எடுத்து, கைது செய்யப்பட்டதும், விசாரணையும், சிலுவை மரணமும் ஒரு தனிப் பகுதியாக விரிகின்றன. மூலநூலாசிரியருக்கு அது தேவைப்படவில்லை; தம் நாட்டுப் படிப்பாளிகளுக்கு அக்கதை தாய்மொழிப் பாட்டாக இன்னும் வாய்க்கவில்லை என்று இவர் கருதினார் போலும். இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே உள்ளம் கரைந்து பாடும் பாடல்களையும் அமைத்தார். வைணவக் குடியிற் பிறந்தவர், சைவர் வழங்கும் பெயரை எடுத்து, கிறிஸ்துவைப் பாடினார். ஆராய்ச்சியாளர் இதை எவ்வாறு பெயரிடுவார்களோ அறியேன். வேதத்தில் வளர்ந்தவர் தமிழிலும் வளர்ந்து கொண்டேயிருந்தார் என்றே எனக்குப் படுகிறது.

மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அந்நூல் 1894இல் புத்தகமாக வெளிவந்தது. அப்பொழுது கிருஷ்ண பிள்ளைக்கு வயது 67. அவர் மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்று 36 ஆண்டுகள் ஆகியிருந்தன.